தசை கிழிந்தால் ஆறுவதில் ஓமோனுக்கு என்ன பங்கு? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். பிசியோ என்றால்தான் சனத்துக்கு விளங்கும். கெண்டைக்கால் கிழிந்தவர்கள், தொடை இழுத்துக்கொண்டவர்கள், நாரிப்பிடிப்போடு வருகிறவர்கள் கேட்பவற்றில் ஓமோனோடு தொடர்புள்ளவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பாலியல் ஓமோன் என்றதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையும் காலும் ஆறுகிற கதைதான் இது.

தசை கிழிந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

எலும்போடு ஒட்டியிருந்து நாங்கள் நினைத்தபடி அசைகிற தசையை வன்கூட்டுத் தசை என்கிறோம். இதயத் தசைக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு: தன்னைத் தானே பெருமளவு புதுப்பித்துக்கொள்ளும். நார் கிழிந்து சில மணித்தியாலத்துக்குள் வெண்குழியங்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். முதலில் வருபவை செத்த பகுதிகளைத் தின்று துப்புரவாக்கும். வீக்கம், சூடு, நோ எல்லாம் அந்த வேலையோடு வருபவை. இரண்டு மூன்று நாளில் குழியங்களின் போக்கு மாறி, அழிப்பதை விட்டுக் கட்டுவதற்கு உதவத் தொடங்கும்.

கட்டுகிற வேலை சற்றலைட் கலங்களுடையது. 1961இல் அலெக்சாண்டர் மவுரோ என்ற ஆய்வாளர் தவளைத் தசையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, நாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்த இவற்றைக் கண்டார். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் இவை விதைநெல். சாதாரண நாளில் சும்மா கிடக்கும். காயம் பட்டால் விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து புது நாராகும். எல்லாம் முடிந்துவிடாமல் ஒரு பங்கு திரும்ப உறக்கத்துக்குப் போய் அடுத்த காயத்துக்குக் காத்திருக்கும். இந்தக் கையிருப்பு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கெதியாக விழிக்கிறது என்பதில்தான் ஓமோன் கை வைக்கிறது.

பிள்ளை பெறுவதற்கான ஓமோனுக்குத் தசையில் என்ன வேலை?

ஓமோன் இரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் எந்தக் கலத்தில் இருக்கின்றனவோ அங்கெல்லாம் அதற்கு வேலை உண்டு. பெண்ணில் கூடுதலாகச் சுரக்கிற ஈஸ்ட்ரோஜனுக்கும் ஆணில் கூடுதலாகச் சுரக்கிற டெஸ்டோஸ்டிரோனுக்கும் உரிய வாங்கிகள் தசை நாரிலும் இருக்கின்றன, சற்றலைட் கலங்களிலும் இருக்கின்றன.

இன்னொன்று. ஆணில் ஒன்று, பெண்ணில் மற்றது என்று பிரித்து நினைக்க வேண்டாம். பெண்ணின் சூலகமும் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பியும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. ஆணின் உடம்பு டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. அளவில்தான் பெரிய வித்தியாசம்.

சுண்டெலிகளில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. குட்டியாக இருக்கும்போது சற்றலைட் கலங்கள் ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பருவம் எட்டும்போது சுரக்கிற பாலியல் ஓமோன்கள்தான் அவற்றை உறங்கவைத்து, பிற்காலத்துக்கான கையிருப்பாக மாற்றுகின்றன. அதாவது சாமத்தியப்படுகிற வயதில் உடம்பில் நடக்கும் மாற்றங்களுக்குள் இதுவும் அடக்கம். அந்த நேரத்தில் எங்கள் வீடுகளில் கொடுக்கும் உழுத்தங்களியும் முட்டையும் ஓமோனைக் கூட்டுவதில்லை, ஆனால் வளர்கிற தசைக்கு வேண்டிய புரதம் அதில் தாராளம்.

ஈஸ்ட்ரோஜன் தசைக்கு நல்லதா, கெட்டதா?

நல்லது. சூலகம் அகற்றப்பட்ட பெண் எலிகளில் காயத்துக்குப் பிறகு தசை ஆறுவது பிந்துகிறது, பலம் திரும்புவதும் குறைகிறது. ஈஸ்ட்ரோஜனைத் திரும்பக் கொடுத்தால் பெரும்பகுதி சரியாகிறது. காரணம் பல. சற்றலைட் கலங்கள் செத்துப்போகாமல் அது காக்கிறது. வெண்குழியங்கள் துப்புரவாக்குகிற கட்டத்திலிருந்து கட்டுகிற கட்டத்துக்கு மாறுவதற்கு உதவுகிறது. நாரின் மென்சவ்வு சேதமாகாமல் ஓரளவு பாதுகாக்கிறது.

எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது, உண்மைதான். ஆனால் இந்த விடயத்தில் மனிதரிடமிருந்தும் ஒரு சான்று உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்துக்குச் சற்று முன்னும் நின்ற பின்னும் ஒரே பெண்களிடமிருந்து எடுத்த தசைத் துணுக்குகளை 2019இல் வெளியான ஆய்வொன்று ஒப்பிட்டது. ஈஸ்ட்ரோஜன் இறங்கியதோடு சற்றலைட் கலங்களின் எண்ணிக்கையும் இறங்கியிருந்தது.

பெண்ணின் மற்றப் பாலியல் ஓமோனான புரோஜெஸ்டரோனைப் பற்றி இப்படித் திடமாகச் சொல்ல ஆராய்ச்சி போதாது. அதை இத்தோடு விடுவோம்.

எனக்கு 49 வயது. முந்தி இரண்டு கிழமையில் ஆறின சுளுக்கு இப்போது இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுதவைத்ததே இந்தக் கேள்விதான். கேட்கிற அக்காமார் ஒருவர் இருவர் அல்ல.

பொதுவாக 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். வன்னியில் இந்த வயதுப் பெண்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். போர் முடிந்த 2009இல் முப்பதுகளில் இருந்தவர்கள். புருசனை இழந்தோ காணாமல் தேடிக்கொண்டோ குடும்பத்தைத் தனியே சுமந்தவர்கள் அவர்களில் பலர். வயலில் நாற்று, களை, அரிவு வெட்டு, வீட்டில் ஆடு மாடு, இன்னும் சிலர் கண்ணிவெடி அகற்றும் வேலை. உடம்பு கேட்கிற ஓய்வைக் கொடுக்க இடமில்லாத வாழ்க்கை. தசை ஆறும் வேகம் குறைகிற அதே வயதில் சுமை மட்டும் குறையவில்லை.

இப்படி வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். வரப்பில் சறுக்கி இடது கெண்டைக்கால் கிழிந்தது. நோகிறது என்று ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் காலை ஊன்றாமல் நொண்டியிருக்கிறார். பிளாஸ்டிக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதியைத் தூக்கச் சொன்னேன். வலது குதி முழுக்க எழும்பியது. இடது குதி நிலத்துக்கு மேலே ஒரு செருப்பின் தடிப்புக்கு எழும்பி, நடுங்கி, இறங்கிவிட்டது. கிழிந்த இடத்தை அமத்திப் பார்த்தால் நோ பெரிதாக இல்லை. கிழிவு ஆறிவிட்டது, தசைதான் மெலிந்துவிட்டது.

ஓமோன் குறைந்த உடம்பில் இப்படி மெலிந்த தசையைத் திரும்பக் கட்டக் கூடுதல் காலம் பிடிக்கும். ஆகவே இந்த வயதில் நீண்ட படுக்கை ஓய்வு ஒரு ஆடம்பரம், அதன் விலையைக் காலே கட்டும். ஆரோக்கியமான இளம் ஆண்களின் ஒரு காலை அசையாமல் கட்டிவைத்துப் பார்த்த ஆய்வில், 5 நாளிலேயே தொடைத் தசையின் குறுக்களவு 3.5 சதவீதமும் பலம் 9 சதவீதமும் குறைந்தன. 14 நாளில் பலம் 23 சதவீதம் போய்விட்டது. இளந்தாரிகளுக்கே இப்படி.

செய்யவேண்டியது: முதல் சில நாள் காலுக்கு ஓய்வு. நோ தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியதும் மெல்ல ஊன்றி நடப்பது. பிறகு கிழமைக்கு மூன்று நாளாவது பாரம் கொடுத்துப் பயிற்சி. குதி தூக்குவது, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது, பிறகு கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு எழும்புவது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டினால், மாதவிடாய் நின்ற பின்னும் தசை பலமடையும். இதற்கு வயதெல்லை கிடையாது.

அப்படியென்றால் ஓமோன் குளிசை போடலாமா?

தசை கிழிந்ததற்காக மட்டும் யாரும் ஓமோன் குளிசை எழுதித் தருவதில்லை, தரவும் கூடாது. மாதவிடாய் நின்றபின் ஓமோன் எடுக்கிற பெண்களில் தசைச் சேதம் குறைவாகவும் பலம் சற்றுக் கூடுதலாகவும் இருந்ததைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுபக்கத்தில், அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்து 2002இல் நிறுத்தப்பட்ட ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டரோன் போன்ற செயற்கை மருந்து) சேர்ந்த குளிசையால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவை சற்றுக் கூடின. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று சில ஆண்டுக்குள் தொடங்குகிற பெண்களுக்கு ஆபத்துக் குறைவு என்று பிறகு விளங்கியது.

உடம்பு கொதித்து வேர்க்கிறது, நித்திரை இல்லை, எலும்பு பலவீனம் என்ற தொல்லைகள் இருந்தால் வைத்தியரோடு பேசுங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் நாள் சொல்வார்.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இருப்பதால் கெதியாக ஆறுமா?

டெஸ்டோஸ்டிரோன் தசைப் புரதம் உருவாவதைக் கூட்டும், நாரைத் தடிப்பாக்கும், சற்றலைட் கலங்களைப் பெருக்கும். 1996இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில் 43 ஆரோக்கியமான ஆண்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 10 கிழமை, கிழமைக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினார்கள். உடற்பயிற்சியே செய்யாதவர்களிலும் தசை பெருத்தது.

ஆனால் தசை பெருப்பது ஒன்று, கிழிந்தது ஆறுவது இன்னொன்று. கடும் பயிற்சிக்குப் பிறகு ஆணும் பெண்ணும் எவ்வளவு பலம் இழக்கிறார்கள், எவ்வளவு நாளில் மீள்கிறார்கள் என்று பார்த்தால் மனிதரில் தெளிவான வெற்றியாளர் இல்லை. கால்பந்தில் பின்தொடைத் தசை கிழிவது ஆண்களில் கூடுதல், முழங்கால் சவ்வு கிழிவது பெண்களில் கூடுதல். ஆளுக்கொரு பலவீனம்.

நாற்பதைத் தாண்டிய ஆண்களில் இந்த ஓமோன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் என்ற அளவில் மெல்ல இறங்கும். பெண்களுக்கு நடப்பது போலத் திடீர் இறக்கம் இல்லை. ஆனால் நீரிழிவு, தொப்பை, நித்திரையின்மை, தொடர்ச்சியான குடி ஆகியவை அந்த இறக்கத்தை வேகமாக்கும். கசிப்பு டெஸ்டோஸ்டிரோனையும் குறைக்கும், தசைப் புரதம் உருவாவதையும் தடுக்கும். நோ தெரியாமலிருக்கக் குடிக்கிறேன் என்கிற அண்ணைமாருக்கு இதைத்தான் சொல்கிறேன்.

ஜிம்மில் ஸ்டீராய்ட் (டெஸ்டோஸ்டிரோன்) ஊசி ஒன்று போட்டால் கெதியாகத் திரும்பி விளையாடலாம் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் தம்பி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, இருக்கிறதே என்று நினைத்து விதைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், நிறுத்திய பிறகும் மீள மாதக்கணக்காகும், சிலருக்கு அதைவிடவும் கூட. இன்னொரு சிக்கலும் உண்டு. தசை பெருக்கிற வேகத்துக்கு, அதை எலும்போடு கட்டுகிற தசைநாண் பலமடைவதில்லை. கெண்டைக்கால் காயத்துக்கு ஊசி போட்டுக் குதிநாணை அறுத்துக்கொண்டால் அந்தப் பருவத்து விளையாட்டு முடிந்தது.

வைத்தியர் மூட்டுக்குப் போட்ட ஸ்டீராய்ட் ஊசியும் இதுதானா?

இல்லை. அது கோர்ட்டிசோன் வகை, வீக்கத்தை அடக்குவது. பெயர் ஒன்று, வேலை வேறு. அந்த வகையைக் குளிசையாக நீண்ட காலம் எடுத்தால் தசை மெலியும். அதற்காக வைத்தியர் தந்ததைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

மகள் பாடசாலையில் கரப்பந்து விளையாடுகிறாள். மாதவிடாய் நாளில் காயம் வந்தால் ஆறாது என்கிறார்களே?

அந்த முதல் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும், உண்மை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அப்போது செய்யும் கடும் பயிற்சிக்குப் பிறகு தசைநோ சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் வித்தியாசம் சிறியது, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அவளுக்கு ஏலுமென்றால் விளையாடட்டும்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றுவிட்டால் அது கவனிக்கவேண்டிய அறிகுறி. காலையில் தேத்தண்ணியோடு பாடசாலை, பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பயிற்சி என்று போகும் பிள்ளைக்குச் சாப்பாடு போதாவிட்டால் மூளை சூலகத்தின் வேலையைக் குறைத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும், தசை ஆறப் பிந்தும், எலும்பில் மயிர்வெடிப்புக்கூட வரலாம். முதல் மருந்து சாப்பாடுதான். கட்டாயம் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ கருத்தடை ஊசியால் தசை ஆறாமல் போகுமா?

அது சூல் வெளிவருவதை நிறுத்தும், ஈஸ்ட்ரோஜனையும் சற்றுக் குறைக்கும், எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறையலாம். கிழிந்த தசை ஆறுவதை அது தடுக்கும் என்று காட்டிய ஆதாரம் இல்லை. காலில் சுளுக்கு என்று ஊசியை விட்டுவிட்டு, எதிர்பாராத பிள்ளையோடு வந்து நிற்காதீர்கள். மாற்ற விரும்பினால் குடும்பநல மாதுவோடு பேசி மாற்றுங்கள்.

2009இல் செல் (எறிகணை) துண்டு பட்ட தொடை. இத்தனை ஆண்டு சும்மா இருந்தது, இப்போது களைக்கிறது, நோகிறது. ஓமோன்தானா?

ஓமோனும் இருக்கலாம், அது மட்டுமல்ல. தசையில் ஒரு பெரிய துண்டே போய்விட்டால் சற்றலைட் கலங்களால் அந்த இடத்தை நிரப்ப ஏலாது. தழும்பு இழையம்தான் நிரப்பும். அது சுருங்கி விரியாது. சில தொடைகளில் அந்தப் பள்ளத்துக்குள் என் பெருவிரல் முழுதாய் இறங்கும். மிச்சத் தசை இவ்வளவு காலமும் இரண்டு பங்கு வேலை செய்து ஈடுகட்டியிருக்கிறது. ஐம்பதை நெருங்கும்போது, பெண்ணாக இருந்தால் குறிப்பாக, அந்த மிச்சத் தசையும் மெலியத் தொடங்குகிறது. பழைய காயம் திரும்ப வந்ததுபோல இருக்கும். உண்மையில் ஈடுகட்டியது குறைந்திருக்கிறது.

தழும்பைத் தசையாக்க ஓமோனாலும் முடியாது, என்னாலும் முடியாது. சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்தலாம், அதனால் நடையும் நோவும் நல்ல அளவு திருந்துகின்றன. துண்டு இன்னும் உள்ளே இருந்தால், எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்லும் இடத்தில் முதலில் அதைச் சொல்லுங்கள். காந்தம் உலோகத்தை அசைத்துவிடலாம். துண்டுள்ள இடம் திடீரென்று வீங்கினால், சீழ் வந்தால், காத்திருக்க வேண்டாம்.

நோவெண்ணெய் போட்டு உருவலாமா? பத்தியம்?

முதல் மூன்று நாள் உருவ வேண்டாம், சூடும் வேண்டாம். உள்ளே இரத்தம் கட்டியிருக்கும்போது, முக்கியமாகத் தொடையில், அழுத்தி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். பிறகு மெல்லத் தடவுவதில் தவறில்லை.

பத்தியத்தில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. முறிவு நெரிவு வைத்தியம் பார்த்தவர்கள் சிலர் மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறார்கள். தசை கட்டப்படுகிற நேரத்தில் கட்டுப்பொருளையே மறித்தால் எப்படி? காயம் ஆறும்போது உடம்பு நிறையின் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் தேவை. 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் விராலில் 20க்குக் கிட்ட, ஒரு கோப்பை அவித்த பயறில் 14. சோற்றை மலைபோலப் போட்டுக் கறியைத் தொட்டுக்கொண்டால் கணக்கு வராது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டு அளவு வைக்கவேண்டும்.

நோவுக்கு வோல்டரன் குளிசை போடலாமா?

நோ தாங்க ஏலாவிட்டால் முதலில் பனடோல். வோல்டரன் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிற ஊர்களில் கடையில் வாங்கி நாட்கணக்கில் விழுங்குவது கூடவே கூடாது.

சோயா மீற் சாப்பிட்டால் ஆண்மை குறையும், தசை ஆறாது என்கிறார்களே?

சோயாவில் ஈஸ்ட்ரோஜனைச் சற்று ஒத்த பொருள் இருப்பதால் வந்த பயம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் சோயாவால் குறையவில்லை. மலிவான புரதம், சாப்பிடுங்கள். பக்கற்றோடு வரும் உப்புத் தூளை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

எப்போது உடனே ஆசுப்பத்திரிக்கு ஓடவேண்டும்?

'டப்' என்ற சத்தத்தோடு கிழிந்து காலை ஊன்றவே முடியாவிட்டால். தசையில் பள்ளம் தெரிந்தால். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அதுவும் ஓமோன் குளிசை எடுப்பவரென்றால், இரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை யாரும் உருவவே கூடாது.

அரிவு வெட்டுத் தொடங்கப்போகிறது. எப்போது வயலுக்கு இறங்கலாம்?

சின்னக் கிழிவு என்றால் ஒன்று முதல் மூன்று கிழமை, நடுத்தரம் என்றால் நான்கு முதல் எட்டுக் கிழமை, முழுதாய் அறுந்திருந்தால் மூன்று மாதமும் அதற்கு மேலும். மாதவிடாய் நின்றவர்கள் இந்தக் கணக்கின் பிந்திய பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியைவிடக் காலைக் கேட்பது நல்லது. சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நல்ல காலில் எத்தனை தரம் குதி தூக்குகிறீர்கள் என்று எண்ணுங்கள். காயப்பட்ட காலாலும் நோவில்லாமல் ஏறக்குறைய அத்தனை தரம் தூக்க முடிந்தால் இறங்கலாம். முதல் கிழமை அரை நாள் வேலை, நெல் மூட்டையை வேறு யாராவது தூக்கட்டும்.